அத்திபெலே உணவகங்களில் கூலி

உணவகத் தொழிலாளியின் கூலியை முடிவு செய்பவற்றுள் ஊர் இருக்கும் இடமும் ஒன்று. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் எல்லையூர் அத்திபெலே. இந்த எல்லை 1956இன் மாநிலச் சீரமைப்பில் புதிதாக வந்ததன்று; பிரிட்டிஷ் காலத்திலேயே இப்பக்கம் மைசூர் சமஸ்தானம், அப்பக்கம் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்பக் கூலியை நிர்ணயிக்க மாநில அரசுகளுக்கு இடம் கொடுத்தது. ஆகவே ஒரே சாலையில், சில கிலோமீட்டர் தூரத்தில், இரண்டு அரசாணைகள்.

அரசாணைக்கு முந்தையது உடுப்பி ஓட்டல்களின் வழக்கம். தென் கன்னடத்திலிருந்து வந்த பையன்கள் சோறும் படுக்க இடமும் கிடைத்தால் போதுமென்று எச்சில் இலை எடுக்கச் சேர்ந்தார்கள். கையில் வந்த காசு சொற்பம். பெங்களூரில் 1924இல் எம்.டி.ஆர்., 1943இல் வித்யார்த்தி பவன் என்று பெரிய பெயர்கள் எழுந்த காலத்து வழக்கம் அது. கிளீனர், சப்ளையர், மாஸ்டர் என ஏறி, பிறகு சொந்தக் கடை வைக்கலாம் என்ற நம்பிக்கை குறைந்த கூலியைச் சகிக்க வைத்தது. சென்னையில் சமையலறை வேலையில் தொடங்கி உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ண ராவைப் போன்றவர்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அப்படி ஏறியவர்கள் சிலரே.

1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி வந்தது. நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் இந்த முறையில் சப்ளையருக்கு வேலை இல்லை, டிப்ஸும் இல்லை. நெடுஞ்சாலை ஓட்டல்களில் அவர் முற்றாக மறையவில்லை. குடும்பத்தோடு காரில் வருபவர்கள் உட்கார்ந்தே சாப்பிடுவார்கள். அவசரமாக இறங்கி ஏறும் பேருந்துப் பயணியிடம் டிப்ஸ் எதிர்பார்க்க முடியாது.

அடிமட்டக் கூலியை வெகுகாலம் அழுத்தி வைத்தது சிறுவர் உழைப்பு. ஓட்டல்களிலும் தாபாக்களிலும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு வடக்கு, வடகிழக்கு மாநில இளைஞர்கள் வந்தார்கள்.

அத்திபெலேயில் கூலியை மேலே தள்ளுவது தொழிற்பேட்டை. ஊரிலேயே ஒன்று, எல்லை தாண்டினால் ஓசூரில் சிப்காட். முறையாக நடக்கும் ஆலையில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வார விடுமுறை உண்டு. ஓட்டலில் காலை டிபன் முதல் இரவுப் பரோட்டா வரை நாள் நீளும். எளிதில் மாற்று ஆள் கிடைக்காத பரோட்டா மாஸ்டரும் சரக்கு மாஸ்டரும்தான் பேரம் பேசிக் கூலியை உயர்த்திக்கொள்கிறார்கள். அவர்களைத் தக்கவைக்க முதலாளி கொடுப்பது அட்வான்ஸ். அது மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது.