ரைஃபிள் குழலைத் தூய்மைப்படுத்த ஏற்ற கருவிகள் எவை?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில், 5.6 மி.மீ. விட்டமுள்ள குழல் கொண்ட துப்பாக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன. குறி தவறாமல் சுட, குழலின் உட்புறச் சுழல்வரிகளும் குண்டு வெளியேறும் முனையும் சேதமின்றி இருக்க வேண்டும். பொருந்தாத கருவியால் துடைத்தால் இவை தேய்ந்துவிடும்.

மூட்டில்லாத, பிளாஸ்டிக் பூச்சுடைய ஒற்றைக் கம்பி பாதுகாப்பானது. துண்டுகளாகத் திருகி இணைக்கும் எஃகுக் கம்பியின் மூட்டுகள் உட்சுவரை உரசக்கூடும். தூரிகை, குழலின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். கரிப்படிவை நீக்க வெண்கலத் தூரிகை உதவும். எஃகுத் தூரிகையைத் தவிர்க்க வேண்டும். செம்புப் படிவைக் கரைக்கும் திரவம் வெண்கலத்தையும் அரிக்கும் என்பதால், அதற்கு நைலான் தூரிகையே ஏற்றது.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்து, இயன்றவரை பின்புறத்திலிருந்து முனை நோக்கியே கம்பியைச் செலுத்த வேண்டும்.