லேசர் பாய்ப்படகும் சமத்துவத்தின் விலையும்

1969இல் கனடாவைச் சேர்ந்த புறூஸ் கேர்பி, இயன் புறூஸுடன் தொலைபேசியில் உரையாடியவாறே கீறிய வரைபே, ஒருவர் தனித்துச் செலுத்தும் ‘லேசர்’ பந்தயப் பாய்ப்படகின் மூலமாகும். 1971இல் அது 695 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பாய்ப்படகுப் போட்டி பெரும்பாலும் செல்வந்தரின் கேளிக்கையாயிருந்த சூழலில், 59 கிலோகிராம் உடலும் 7.06 சதுர மீற்றர் பாயும் சகலருக்கும் ஒன்றே என்னும் விதி நோக்கற்பாலது. வேகத்தைப் பணத்தால் வாங்கவியலாது. காற்றை அறிந்தவரே முந்துவர்.

ஆயினும், கடுங்காற்றில் வளைந்த அலுமினியப் பாய்மரத்துக்கு மாற்றுத் தேடுவோர் உரிமம் பெற்ற உற்பத்தியாளரையே நாடவேண்டும். சமத்துவத்தைக் காத்த விதியே ஏகபோகத்துக்கும் இடமளித்தது. 1996இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இப்படகின் உரிமைபற்றி வழக்குகள் எழுந்தன. ஈற்றில், 2019இல் படகோட்டிகளின் சர்வதேசச் சங்கம் வணிகப்பெயரைக் கைவிட்டு, ‘ஐ.எல்.சி.ஏ.’ என்னும் தன் பெயரையே படகுக்கு இட்டது; புதிய உற்பத்தியாளருக்கும் வழிவிட்டது.