பலூன் பூ

பலூன் பூ கிழக்காசியாவின் புல்வெளிகளையும் மலைச்சரிவுகளையும் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுச் செடி. சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் தானாக வளர்கிறது. தாவரவியல் பெயர் பிளாட்டிகோடான் கிராண்டிஃப்ளோரஸ். கம்பனுலேசியே குடும்பத்தில் ஆல்ஃபோன்ஸ் த கந்தோல் 1830இல் வகுத்த இப்பேரினத்தில் இந்த ஒரே இனம்தான் உண்டு.

மொட்டுதான் இதன் தனி அழகு. ஐந்து இதழ்களும் விளிம்போடு விளிம்பு ஒட்டியபடியே காற்றடைத்ததுபோல் உப்பும்; பச்சை நிறம் மெல்ல வெளுத்து நீலமாகும். பிறகு ஒட்டிய கோடுகள் பிரிய, கருநீல நரம்போடிய ஐந்துமுனை நட்சத்திரமாக விரியும். மலர்ந்ததும் முதலில் மகரந்தம் வெளிப்படும். மகரந்தத் தாள்கள் வாடிய பிறகே சூல்முடி ஐந்தாகப் பிளந்து விரியும். அதனால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவில் சேர்வது அரிது. வெள்ளை, இளஞ்சிவப்பு வகைகளும் உண்டு. ‘கொமாச்சி’ என்ற வகையில் மொட்டு விரியாமல் உப்பிய நிலையிலேயே நின்றுவிடும்.

வளர்ப்பவர் கவலைப்பட வேண்டியது பூவைப் பற்றியல்ல, வேரைப் பற்றி. கேரட்போலச் சதைப்பற்றுடன் ஆழமாக இறங்கும் ஆணிவேர் இது. இடம் மாற்றும்போது எளிதில் முறியும். எனவே நிலையான இடத்தை முதலிலேயே தேர்ந்துகொள்வதே நல்லது. வெயில் நன்றாக விழ வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கடுங்குளிரைத் தாங்கும் வேர், குளிர்காலத்து ஈர மண்ணில் அழுகிவிடும். செடிகளுக்கிடையே 30 செ.மீ. இடைவெளி போதும்.

விதை முளைக்க வெளிச்சம் தேவை. மண்ணால் மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும். பெரும்பாலான வகைகள் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். குளிர்காலத்தில் தண்டு முழுவதும் காய்ந்துவிடும். வசந்தத்தில் மற்ற செடிகள் தழைத்த பின்னரே இது துளிர்க்கும். செத்துவிட்டதென்று எண்ணி மண்ணைக் கொத்திவிடுவோர் பலர். இலையுதிர் காலத்திலேயே அருகில் ஒரு குச்சி நட்டுவைத்தால் வேர் தப்பும். வாடிய பூவை மட்டும் கிள்ள வேண்டும். தண்டோடு வெட்டினால் கீழே காத்திருக்கும் பக்க மொட்டுகளும் போய்விடும். உயர வகைகள் பூக்கனத்தில் சாயும் என்பதால் முட்டுக்கொடுப்பது வழக்கம்.

கொரியாவில் ‘தோராஜி’ எனப்படும் இதன் வேர் அன்றாட உணவு. கீற்றாகக் கிழித்து, உப்பிட்டுப் பிசைந்து, நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கிச் சமைப்பார்கள். இருமலுக்கும் சளிக்கும் சீன மருத்துவம் காய்ந்த வேரைப் பயன்படுத்துகிறது. ஜப்பானில் இது இலையுதிர் காலத்தின் ஏழு மலர்களில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டுத் தளபதி அகெச்சி மித்சுஹிதேயின் குலச்சின்னமும் இதுவே. ஆனால் புல்வெளிகள் சுருங்கிவிட்டதால் அதே ஜப்பானில் காட்டுச் செடிகள் இன்று அருகிவருகின்றன.