கார் ரேடியேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி? இந்த ஒரு தவறை மட்டும் செஞ்சிடாதீங்க!

கத்திரி வெயில் நேரம். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, பானெட்டில் இருந்து புகை வந்தால் எப்படி இருக்கும்? பல நேரங்களில் இதற்குக் காரணம், வருடக்கணக்கில் மாற்றாமல் விட்ட கூலன்ட்தான். அதிக சூட்டிலேயே வண்டியை ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு!

ரேடியேட்டரை ஃபிளஷ் செய்வதை கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

கூலன்ட் ஏன் கெட்டுப்போகிறது?

கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைகால், தண்ணீர், துருப்பிடிக்காமல் தடுக்கும் ரசாயனங்கள் ஆகியவற்றின் கலவை. இந்த ரசாயனங்கள் நாளடைவில் வீரியம் இழந்துவிடும். அதன்பிறகு துருவும் உப்பும் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும்.

"தண்ணி மட்டும் ஊத்தினா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். சரிபாதி கூலன்ட் கலந்தால் கொதிநிலை சில டிகிரி உயரும், துருவும் பிடிக்காது. போர் தண்ணீர் ஊற்றினால், குக்கரின் அடியில் படிவது போல உப்பு உள்ளேயும் படியும்.

எப்போது மாற்ற வேண்டும்?

சாதாரண கூலன்ட் என்றால் 2 முதல் 3 வருடம். லாங் லைஃப் வகை என்றால் 5 வருடம் அல்லது அதற்கு மேலும் வரும். உங்கள் காரின் மேனுவலில் சொல்வதுதான் இறுதி. கூலன்ட் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முக்கிய எச்சரிக்கை

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடி திறந்ததும் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியை காலையில் எடுப்பதற்கு முன் இந்த வேலையைத் தொடங்குவதுதான் நல்லது. இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தாலும் சில கார்களில் ஃபேன் திடீரென சுற்றும். கை பத்திரம்.

தேவையானவை

மேனுவலில் சொன்ன வகை கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், அகலமான பேசின், புனல், கையுறை, மூடியுள்ள பழைய கேன்.

எப்படி செய்வது?

1. வண்டியை சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூடியை துணி வைத்து மெதுவாகத் திறக்கவும்.

2. ரேடியேட்டரின் அடியில் பேசினை வைத்து டிரெயின் பிளக்கைத் திறக்கவும். சில கார்களில் பிளக் இருக்காது, கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். வெளியே வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பிளக்கை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மூடியைப் போடவும். ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, இன்ஜினை 10 முதல் 15 நிமிடம் ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

4. இன்ஜினை அணைத்து, முழுசா ஆறிய பிறகு தண்ணீரை வடிக்கவும். தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். ரிசர்வ் டேங்கையும் கழுவ மறக்காதீங்க.

5. இப்போது புது கூலன்ட். வடித்த பிறகும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். அதனால் கான்சன்ட்ரேட் வாங்கி, மேனுவலில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதி அளவை முதலில் ஊற்றுங்கள். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கலவை சரியாக வரும்.

6. மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும். முகத்தைத் தள்ளியே வையுங்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேறி அளவு குறையும், அப்போது நிரப்பி மூடவும். ஏர் பிளீட் ஸ்க்ரூ உள்ள கார்களில் மேனுவல் சொல்லும் முறைதான் சரி. மறுநாள் காலையில் அளவை மீண்டும் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கலரை மட்டும் பார்த்து கூலன்ட் வாங்க வேண்டாம். நிறம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். இரண்டு வகைகளைக் கலப்பதும் தவறு. ஆசிட் ஊற்றினால் அலுமினிய ரேடியேட்டர் அரித்துவிடும். பிரஷர் வாட்டர் அடித்தால் வெளிப்புற ஃபின்கள் வளைந்துவிடும்.

பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

இதுதான் பலர் கவனிக்காத விஷயம். எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவை உள்ள விஷம். தெருவில் ஊற்றினால் நாய், பூனை நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். முதலில் வடித்த தண்ணீரையும் சேர்த்து கேனில் மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி போல மாறியிருந்தாலோ, ஃபிளஷ் செய்தும் சூடு குறையவில்லை என்றாலோ வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வரவழைப்பதுதான் சரி. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் இந்த வேலையை வீட்டில் முயற்சிக்கவே வேண்டாம்.