எத்தெல் மைரெட்

எத்தெல் மைரெட் (1872–1952) இங்கிலாந்தின் கைத்தறிக் கலைஞர். கைநூற்பும் தாவரச் சாயமிடலும் அந்நாட்டில் ஏறக்குறைய வழக்கொழிந்திருந்த காலத்தில் அவற்றை மீட்டெடுத்தவர்களுள் முதன்மையானவர். டெவன் பகுதியின் பார்ன்ஸ்டபிள் நகரில் மருந்து வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்து, எத்தெல் பார்ட்ரிட்ஜ் என்னும் பெயரில் வளர்ந்த இவர், லண்டனில் பியானோ பயின்று சில காலம் வீட்டாசிரியையாகப் பணிபுரிந்தார். நெசவைத் தொழிலாகக் கைக்கொண்டது முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே.

இவரைக் கைவினையின் பக்கம் திருப்பியது இலங்கை. ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனும், பின்னாளில் இந்தியக் கலை வரலாற்றின் பேரறிஞராகப் போற்றப்பட்டவருமான ஆனந்த குமாரசுவாமியை 1902-இல் மணந்த எத்தெல், அடுத்த ஆண்டு அவருடன் இலங்கைக்குச் சென்றார். அப்போது நிலவியல் அறிஞராக இருந்த குமாரசுவாமி கனிம ஆய்வுப் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது, இருவரும் கண்டிப் பகுதியின் கைவினைஞர்களைக் கண்டு, அவர்களுடைய தொழில்முறைகளைக் குறித்துவைத்தனர். எத்தெல் ஒளிப்படங்கள் எடுத்ததோடு பூத்தையல் வேலைப்பாட்டைத் தனித்துக் கற்றார். இவ்வுழைப்பின் பயனாக 1908-இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் ஆசிரியராகக் குமாரசுவாமியின் பெயரே நிற்கிறது. அதில் எத்தெலுக்கு இருந்த பங்கு உரிய அளவுக்குப் பேசப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1907-இல் இங்கிலாந்து திரும்பிய இணையர், கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பீயின் கைவினைக் கூட்டுறவு இயங்கிய சிப்பிங் கேம்ப்டனுக்கு அருகில் குடியேறினர். அங்குதான் எத்தெல் நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் தொடங்கினார். மணவாழ்வு முறிந்தபின் 1913-இல் பிலிப் மைரெட்டை மணந்துகொண்டார். வில்லியம் பெர்கின் 1856-இல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தது முதல் தாவரச் சாயத் தொழில் வேகமாகச் சரிந்திருந்ததால், பழைய செய்முறைகளை நூல்களிலிருந்து திரட்டித் தாமே அடுப்பில் ஏற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. அச்சோதனைகளின் அடிப்படையில் 1916-இல் எழுதிய தாவரச் சாய நூல், பலமுறை மறுபதிப்புக் கண்டு, இத்துறையின் அடிப்படைக் கையேடாக விளங்கியது.

தாவரச் சாயங்களுள் பெரும்பாலானவை தாமாகவே இழையில் நிலைத்து நிற்பதில்லை. அவற்றைப் பிணைப்பதற்கு முதலில் ஒரு கனிம உப்பில் நூலை ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ எடுப்பர். இவ்வுப்பு சாயமூன்றி எனப்படும். மஞ்சிட்டியின் இனத்ததாகிய ஐரோப்பிய மேடர் வேர் படிகாரத்துடன் சேர்ந்தால் சிவப்பையும், அன்னபேதி என்னும் இரும்பு உப்புடன் சேர்ந்தால் கருமை கலந்த ஊதாவையும் தரும். அவுரியின் வழி வேறு. நீரில் கரையாத அதன் நீலப்பொருளைத் தொட்டியில் ஆக்சிசன் நீக்கிக் கரையச் செய்து, அதில் நூலை அமிழ்த்தி வெளியே எடுக்கும்போது அது பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும். காற்றுப்பட்ட சில நிமிடங்களில் கண்முன்னே நீலமாக மாறும். வெல்ட் என்னும் செடியின் மஞ்சளில் தோய்த்த நூலை அவுரித் தொட்டியில் இட்டால் பச்சை கிடைக்கும்.

இயற்கைச் சாயம் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. மைரெட்டின் நூல் படிகாரம், இரும்பு ஆகியவற்றோடு குரோமியம், வெள்ளீயம், செம்பு உப்புகளையும் சாயமூன்றிகளாக விளக்குகிறது. குரோமிய உப்பு நச்சுடையது என்பதால் இன்றைய சாயக் கலைஞர் பலர் அதை விலக்குகின்றனர். கல்பாசி இனத்தைச் சேர்ந்த பாறைப்பாசிகளின் சாயத்துக்கும் அந்நூல் இடமளிக்கிறது. அவை மிக மெதுவாக வளர்பவை என்பதால், பாறையிலிருந்து சுரண்டி எடுப்பது இன்று ஏற்கப்படுவதில்லை. எனவே நூலை அப்படியே பின்பற்றுவதைவிடத் தெரிந்தெடுத்துப் பயன்படுத்துவதே தகும்.

சசெக்ஸ் பகுதியின் டிச்லிங் சிற்றூரில் ‘காஸ்பல்ஸ்’ என்னும் பெயரில் இவர் அமைத்த இல்லமும் பட்டறையும் நெசவுப் பள்ளியாகவே திகழ்ந்தன. எலிசபெத் பீகாக், பெட்ரா கில், மரியான் ஸ்ட்ராப், பீட்டர் காலிங்வுட் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இங்குப் பணியாற்றினர். தாளில் வரைந்த கோலத்தைத் தறிக்கு மாற்றும் முறையை விடுத்து, இழையின் முறுக்கு, தடிப்பு, நிறம் ஆகியவற்றிலிருந்தே துணியின் வடிவத்தை உருவாக்குவது இவரது பாணி; பாவும் ஊடையும் எளிய நெசவாகவே நிற்க, கையால் நூற்ற இழையின் ஏற்ற இறக்கமே அழகைத் தரும். சீரான ஆலை நூலுக்குப் பழகிய கண்ணுக்கு அது குறையாகத் தோன்றக்கூடும்.

கைத்தொழிலின் சார்பாளராயினும் மைரெட் ஆலையைப் பகையாகக் கருதவில்லை. 1939-இல் வெளியிட்ட கைநெசவு பற்றிய நூலில், கைத்தறியாளர் புதிய துணிகளைச் சோதித்துத் தொழிற்சாலைக்கு வழிகாட்ட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். தொழில்துறை வடிவமைப்புக்கான பிரித்தானிய அரச விருதை 1930களின் இறுதியில் பெற்றபோது, அதைப் பெற்ற முதல் பெண்ணும் இவரே. 1952-இல் டிச்லிங்கில் காலமானார். இவருடைய துணிகளும் மாதிரிகளும் ஃபார்ன்ஹாம் நகரிலுள்ள கைவினை ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.