பணிமூப்பை எங்கிருந்து எண்ணுவது?

மாணவர்களோடு இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போதெல்லாம் கேள்விகள் நுழைவாயிலைச் சுற்றியே வருகின்றன. எத்தனை சதவீதம், எத்தனை இடம், கட்-ஆஃப் எவ்வளவு. வேலையில் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் இடஒதுக்கீட்டின் மீது தொடுக்கப்பட்ட கடுமையான வழக்குகள் பலவும் பதவி உயர்வையும் பணிமூப்புப் பட்டியலையும் குறிவைத்தே வந்தன. அந்தப் பட்டியலில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்பதுதான், நாளை அதிகாரியின் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதை முடிவு செய்கிறது.

இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1959இல் ரயில்வே வாரியம், தேர்வு முறையில் நிரப்பப்படும் பதவி உயர்வு இடங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தரச் சொல்லிச் சுற்றறிக்கைகள் அனுப்பியது. தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்த ரங்காச்சாரி அவற்றை எதிர்த்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1961 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு நியமனத்தை மட்டுமல்ல, பதவி உயர்வையும் உள்ளடக்கும் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

முப்பத்தொரு ஆண்டுகள் நின்ற அந்தத் தீர்ப்பை மண்டல் வழக்கு சாய்த்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று 1992 நவம்பரில் சொன்ன அதே இந்திரா சாஹ்னி தீர்ப்புதான், பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்றும் சொன்னது. ஏற்கெனவே இருந்த ஒதுக்கீட்டுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் மட்டும் தந்தது. அந்த அவகாசம் முடிவதற்குள் நாடாளுமன்றம் 77ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1995 ஜூன் 17 முதல் 16(4A) என்ற புதிய பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பதவி உயர்வு ஒதுக்கீட்டைக் காத்தது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1995 அக்டோபரில் வீர்பால் சிங் சௌகான் வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயில்வே கார்டுகளின் பணிமூப்பு பற்றிய வழக்கு அது. ஒதுக்கீட்டுக்கு இப்போது நேரடித் தடை இல்லை. வேறொரு கதவு மூடப்பட்டது. அதன் பெயர் ‘கேட்ச்-அப்’ விதி.

ஒரு எடுத்துக்காட்டால் இதைப் புரிந்துகொள்வோம். முதல் படிநிலையில் பொதுப்பிரிவு ஊழியர் ஒருவர் மூத்தவர். தலித் ஊழியர் இளையவர். ரோஸ்டர்படி தலித் ஊழியர் இரண்டாம் படிநிலைக்கு முதலில் போகிறார். சில ஆண்டுகள் கழித்துப் பொதுப்பிரிவு ஊழியரும் அங்கே வருகிறார். தலித் ஊழியர் அதற்குள் மூன்றாம் படிநிலைக்குப் போகவில்லை என்றால், பின்னால் வந்தவர் மீண்டும் அவருக்கு மேலே வைக்கப்படுவார். இடையில் அந்தப் பதவியில் உழைத்த ஆண்டுகள் கணக்கில் வராது.

முன்பே பணியில் சேர்ந்தவர் பின்தங்குவது அநீதி என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்த வருத்தம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் தகுதித் தேர்வில் வென்று மூத்தவரை முந்திப் போகும் பொதுப்பிரிவு ஊழியரின் பணிமூப்பை யாரும் திரும்பப் பறிப்பதில்லை. அங்கே, பதவிக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ரோஸ்டர் வழியாக வந்தவருக்கு மட்டும் ஏன் பழைய படிநிலையிலிருந்து எண்ண வேண்டும்?

1997 ஜனவரியில் மத்திய அரசு இந்த விதியைத் தன் அலுவலகங்கள் அனைத்துக்கும் உத்தரவாக்கியது. 1999இல் அஜித் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஊழியர் அமைப்புகளின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 85ஆவது திருத்தம் வந்தது. 2002 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற அது, பதவி உயர்வோடு அதன் விளைவான பணிமூப்பும் சேரும் என்று 1995 ஜூன் 17 முதல் முன்தேதியிட்டுச் சொன்னது.

2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை ஏற்றது, ஆனால் நிபந்தனைகளோடு. பின்தங்கிய நிலைக்கும் போதிய பிரதிநிதித்துவம் இல்லாமைக்கும் அரசு புள்ளிவிவரம் காட்ட வேண்டும். நிர்வாகத் திறனும் குறையக் கூடாது. திறன் குறையும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோஃபும் ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையான தரவுகளை ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டனர். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் விகிதம் உயர்ந்ததால் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாகராஜ் தீர்ப்புக்குப் பின் போராட்டம் கோப்புகளுக்குள் போனது. புள்ளிவிவரம் இல்லாததால் 2012இல் உத்தரப் பிரதேசத்தின் விதிகள் ரத்தாயின. அதைச் சரிசெய்ய வந்த திருத்த மசோதா மாநிலங்களவையில் 206–10 என நிறைவேறியும் மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. கர்நாடகத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிமூப்புச் சட்டமும் 2017 பிப்ரவரியில் இதே காரணத்தால் விழுந்தது. பட்டியல்களை மூன்று மாதத்தில் திருத்த உத்தரவு வந்தது. ஆனால் கர்நாடகம் அதோடு நிற்கவில்லை. ரத்ன பிரபா தலைமையில் குழு அமைத்துத் துறைவாரியாகக் கணக்கெடுத்தது, 2018இல் புதுச் சட்டம் இயற்றியது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில் தோல்வியை வெற்றியாக்கியது அந்தக் கணக்கெடுப்புதான்.

இதற்கிடையே 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் பின்தங்கிய நிலையை நிரூபிக்கும் நிபந்தனை நீங்கியது. பிரதிநிதித்துவக் கணக்கு மட்டும் இன்னும் தேவை. அதையும் ஒவ்வொரு பதவிநிலைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டிலும் பணிமூப்பு ஓய்ந்த பிரச்சினை அல்ல. இனச்சுழற்சிப்படி பணிமூப்பை நிர்ணயிக்க வழிசெய்த 2016ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டத்தின் 40ஆவது பிரிவை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. டிஎன்பிஎஸ்சி தரவரிசைதான் பணிமூப்பு என்றாகிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே நமக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு துறையின் பணிமூப்புப் பட்டியலையும் ரோஸ்டர் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். ஒவ்வொரு பதவிநிலையிலும் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுவோம். அரசு எண்ணாமல் விட்ட இடங்களில்தான் நாம் தோற்றிருக்கிறோம்.