ஒரு கம்பி, இரு பாதை

நம் காலனி வீடுகளில் இணையம் விரைவு பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய நிலையை நம் சிறுவர் அறியார். ஆதலின் அவ்வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். 1998 நவம்பரில் தனியாரும் இத்தொழிலில் புக இசைவு கிடைத்தது. அதே திங்களில்தான் நம் ஐதராபாத்தில் ஹைடெக் சிட்டியின் முதற் கட்டடம் திறக்கப்பெற்றது.

அந்நாளில் இணையம் 'டயல்-அப்' முறையில் வந்தது. மோடம் என்னும் கருவி தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிக் கீச்சொலி எழுப்பும். இணைப்புக் கிட்டினால் நற்பேறு. மிகுதியான வேகம் 56 கிலோபிட். ஐந்து மெகாபைட் அளவுள்ள ஒரு பாடலை இறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இணைய நேரத்திற்கு ஒரு கட்டணம், தொலைபேசி அழைப்பிற்கு மற்றொரு கட்டணம். சலுகைக்காக நள்ளிரவு வரை விழித்திருந்தோர் பலர்.

எனினும் பெரிய இடர் வேறு. இணையம் ஓடும்வரை தொலைபேசி ஊமையாகிவிடும். 2001ஆம் ஆண்டில் ஒரு நாள் பிற்பகல், நம் இல்லத்தில் தேர்வு முடிவு தேடிக்கொண்டிருந்தோம். பாட்டியார் காலமான செய்தியைச் சொல்ல, ஊரிலிருந்து மாமா அழைத்தவண்ணம் இருந்திருக்கிறார். செய்தி எட்டியபோது சார்மினார் விரைவு வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த முகத்தை நாம் காணவில்லை.

2004 அக்டோபரில் நடுவணரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டு, 256 கிலோபிட்டிற்குக் குறையாததே பிராட்பேண்ட் என வரையறுத்தது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கிற்று. மீட்டர்கேஜ் பாதையைப் பிராட்கேஜ் ஆக்கத் தண்டவாளத்தைப் பெயர்க்க வேண்டும் என்பதை இரயில்வேக்காரர் அறிவர். இங்கோ பழைய செப்புக் கம்பியே போதுமாயிற்று! மனிதப் பேச்சிற்கு வினாடிக்கு 3,400 அதிர்வு வரையிலான இடமே தேவை. இருபத்தையாயிரத்திற்கு மேற்பட்ட அதிர்வுகள் வெறுமே கிடந்தன. அவ்விடத்தில் இணையத்தைச் செலுத்தி, வீட்டில் சிறு பிரிப்பான் ஒன்றை வைத்துப் பேச்சையும் இணையத்தையும் பிரித்தனர். அதே பாடல் மூன்று நிமிடத்திற்குள் வந்தது. தொலைபேசியும் மணி அடித்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. தொலைபேசி நிலையத்திற்குத் தொலைவிலுள்ள வீடுகளில் வேகம் தளர்ந்தது. 2010க்குள் இரண்டு கோடி இணைப்புகள் என்பது இலக்கு. எட்டியதோ ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம். பின்னர்க் கண்ணாடி இழை வந்தது. 2000இல் அமைக்கப்பெற்ற இரயில்டெல் நிறுவனம் இருப்புப்பாதை ஓரமாகவே அவ்விழையைப் பதித்துள்ளது. 2023இல் பிராட்பேண்டின் கீழெல்லை 2 மெகாபிட் ஆக உயர்ந்தது.

இவ்வளர்ச்சியால் தாயகத்தை விட்டு வந்த நமக்கு விளைந்த நன்மை சிறிதன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை விலையின்றி இணையத்தில் வழங்கி வருகின்றது. செகந்தராபாத்தில் அமர்ந்தே சங்க நூல்களைப் பயிலலாம். ஆயினும் கம்பி வந்த வீடெல்லாம் தமிழ் வந்ததா?

பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் பயிலும் குழந்தைக்குத் தமிழும் சுமையாகுமே என அஞ்சும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்கள் அந்தச் செப்புக் கம்பியை நினைவு கூர்வாராக. ஒன்றை நிறுத்தினால்தான் மற்றொன்று ஓடும் என்று எண்ணிய காலத்தில் நாம் இழந்தவை பல. அக்கம்பியிலோ இரண்டிற்கும் இடம் இருந்தது. குழந்தையின் உள்ளம் கம்பியினும் பெரிது. நாளும் கால்மணி நேரம் குழந்தைகளோடு அமர்ந்து ஒரு தமிழ்ப் பக்கம் படிப்போமாக!